மேலறையின் முதுமை

சென்ற மாதம் வாப்பா அவர்களின் மணிக்கட்டைப் பற்றினோம். நாடி தாளம் தப்பித் துடித்தது. “எழுபத்தைந்து வயதில் அப்படித்தான்” என்றார்கள். நாமும் நம்பினோம். மருத்துவர் மறுத்தார்.

முதுமையில் இதயத்தின் கீழறை விறைப்படைகிறது. அதனை நிரப்பும் இரத்தத்தில் நூற்றுக்கு 20 பங்கை இளமையில் சுருங்கித் தள்ளிய மேலறை, இப்போது 40 வரை தள்ள நேர்கிறது. அவ்வுழைப்பில் இடது மேலறை விரிகிறது. தசையினூடே நார்த்திசு படர்கிறது. மின்துடிப்பின் பாதை சிதறுகிறது. மேலறை சுருங்காமல் வெறுமனே நடுங்கினால், அங்கே இரத்தம் தேங்கி உறையும். அக்கட்டி மூளையை அடைந்தால் பக்கவாதம்!

விரிவது முதுமையின் இயல்பு. தாளம் தப்புவது நோய். இன்று வாப்பா உறைவைத் தடுக்கும் மருந்து அருந்துகிறார்கள்.

பெரியோரின் கரம் பற்றி ஸலாம் கூறும் நாம், ஒரு நிமிடம் நாடியையும் பார்ப்போமாக!