ஐந்து அம்பியர் உருகி

புத்தளத்திலிருந்து பழைய மன்னார் வீதி வழியே வடக்கு நோக்கிச் செல்வோர், வில்பத்துக் காட்டினுட் புகுமுன் எலுவன்குளத்தைக் காண்பர். மாரியிலே கலா ஓயா பெருகினால் பாலத்தின் மேலாக வெள்ளம் பாயும், போக்குவரத்து நின்றுவிடும். ஆறு கடலேரியோடு கலக்குமிடத்தில் கண்டற்காடு செறிந்து நிற்கின்றது. அக்கண்டல் ஓரத்துத் தேங்குநீரிலேதான் என் தம்பியின் விளையாட்டுப் படகு ஓடிற்று. அங்கேயே அதன் மோட்டார் என் செயலால் கருகிற்று.

பாடசாலை விஞ்ஞானக் கண்காட்சிக்கென அவன் அதனைச் செய்திருந்தான். ரெஜிபோமினால் உடல், பழைய விளையாட்டுக் காரிலிருந்து கழற்றிய மோட்டார், தகரத்தில் வெட்டிய விசிறி, இரண்டு ரோச் பற்றரிகள். படகு மெதுவாகவே சென்றது. சாதாளை சிக்கினால் நின்றுவிடும். எடுத்துவிட்டால் மறுபடி ஓடும். பல்கலைக்கழக விடுமுறையில் வந்திருந்த எனக்கு அவ்வேகம் போதவில்லை. அவசர விளக்கொன்றின் 6 வோல்ற்று ஈயப் பற்றரியை, ரெஜிபோமை இரட்டிப்பாக்கி அதன்மேல் ஏற்றினேன். பாதுகாப்பை மறந்தேனல்லேன். 5 அம்பியர் உருகி ஒன்றைத் தொடரில் இணைத்து, இனிப் பயமில்லையென்று அவனுக்கு உறுதியும் கூறினேன்.

படகு சீறிப் பாய்ந்தது. எவரோ அறுத்தெறிந்த தங்கூசி நூல் விசிறியிற் சுற்றிக்கொண்டது. சேற்றில் இறங்கி அதனை எட்டிப் பிடிப்பதற்குள் எனாமல் கருகும் நெடி எழுந்துவிட்டது. உருகி மட்டும் புத்தம்புதிதாய் இருந்தது. கண்காட்சிக்கு நான்கு நாட்களே இருந்தன. தம்பி ஒன்றும் பேசவில்லை. மோட்டாரை முகர்ந்து பார்த்தான். என் கையில் வைத்துவிட்டு நடந்தான்.

முன்னரே செய்திருக்க வேண்டிய கணக்கை அன்றிரவு செய்தேன். அச்சுருளின் தடை ஏறத்தாழ 1.5 ஓம். சுழலும்போது சுருள் காந்தப்புலத்தை வெட்டுவதால், பற்றரிக்கு எதிரான மின்னியக்க விசையொன்று அதனுள்ளேயே பிறக்கின்றது. 6 வோல்ற்றில் ஐந்தேகால் வோல்ற்றை அது ஈடுசெய்துவிட, எஞ்சிய முக்கால் வோல்ற்று அரை அம்பியரையே செலுத்தும். சுருளில் எழும் வெப்பம் அரை வாற்றுக்கும் குறைவு. சுழற்சி நின்றாலோ எதிர்விசையும் இல்லை. முழு 6 வோல்ற்றும் 1.5 ஓமின்மேல் விழ, 4 அம்பியர் பாய்கின்றது. வெப்பம் 24 வாற்று. பெருவிரலளவான பொருள் அதை எங்ஙனம் தாங்கும்? நின்ற மோட்டார் 4 அம்பியரைத் தாண்ட இயலாதெனில், 5 அம்பியர் உருகி அங்கே இருந்தென்ன, இல்லாதிருந்தென்ன?

முன்பு அம்மோட்டாரைக் காத்து வந்தது, நான் குறையென எண்ணிய ரோச் பற்றரிகளின் வலுவின்மையே. கலமொன்றின் அகத்தடையை அரை ஓம் எனக் கொண்டால், நின்ற மோட்டாருக்கு 1.2 அம்பியருக்கு மேல் கொடுக்க அவற்றால் ஏலாது. 1838இல் நேவா ஆற்றிலே மின்மோட்டார்ப் படகு ஓட்டிய யாக்கோபியைப் பற்றியும் எதிர் மின்னியக்க விசையைப் பற்றியும் பரீட்சையில் எழுதிப் புள்ளி பெற்றவன் நான் என்பதை இங்கே சொல்லாமல் விடுவதற்கில்லை.

அப்பா கணக்கைக் கேட்கவில்லை. உருகியை வாங்கிப் பார்த்தவர், "விசிறிக்கு உருக்காணி அடிச்சிருக்கிறாய், மகன்" என்றார். சிறிய படகு எஞ்சின்கள் பலவற்றில் விசிறியைத் தண்டோடு பிணைப்பது மெல்லிய ஆணியொன்று. கண்டல் வேரில் விசிறி மோதினால் அவ்வாணி முறிந்து பற்சில்லைக் காக்கும். அடிக்கடி முறிகிறதென்று சினந்து உருக்காணி செருகியவர்கள் பின்னர் பற்சில்லையே மாற்ற நேர்ந்ததைக் கரையிலுள்ளோர் நன்கறிவர். மூன்று ஆண்டுகள் பௌதிகம் படித்த எனக்கு அந்த ஒரு வசனம் போதுமானதாயிருந்தது.

மறுநாள் புத்தளத்தில் வானொலி திருத்தும் நானா ஒருவரிடம் வேறொரு மோட்டாரும் 1 அம்பியர் உருகியும் கேட்டேன். "தொடங்கக்குள்ளயும் அது 4 அம்பியர் இழுக்குமே தம்பி, கெதியா உருகுறதைப் போட்டா ஒவ்வொரு தரமும் பியூஸ் வாங்கோணும்" என்றார். மெதுவாக உருகும் வகை அவரிடம் இல்லை. பதிலாக, வாகனச் சமிக்ஞை விளக்குக்குரிய 12 வோல்ற்று, 21 வாற்றுக் குமிழொன்றைத் தந்து, தொடரில் இணைக்கச் சொன்னார். குளிர்ந்த இழையின் தடை ஓர் ஓமுக்கும் குறைவு. மின்னோட்டம் ஏறினால் இழை சூடேறித் தடை பன்மடங்காகும். வெப்பமேறத் தடை கூடி, ஆறியதும் தானே மீளும் பொலிமர் உருகிகள் இன்று உண்டு. இக்குமிழ் அவற்றுக்கு மூத்த உறவு. விசிறியைப் பிடித்துக்கொண்டு அளந்தேன். 1 அம்பியரளவே பாய்ந்தது. சுருளில் ஒன்றரை வாற்று. படகின் வேகம் சற்றுக் குறைந்ததென்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.

கண்காட்சியன்று நடுவராக வந்த ஆசிரியர், முன்னால் எரியாத விளக்கொன்று எதற்கென வினவினார். விளக்க வாயெடுத்த என்னைத் தம்பி திரும்பிப் பார்த்தான், நான் அடங்கினேன். "விசிறியை விரலால் பிடியுங்கோ சேர்" என்றான். அவர் தயங்கியபடியே பிடித்தார். குமிழ் மெல்லச் சிவந்தது.