ஓர் அரைப்புள்ளி

வீட்டில் கண்ணாடி டம்ளர் உடைந்தால், அதைக் கடைசியாகத் தொட்டவன்தான் குற்றவாளி. டம்ளரில் ஏற்கெனவே விரிசல் இருந்ததா என்று யாரும் கேட்பதில்லை. கம்ப்யூட்டர் உலகத்திலும் இந்த நீதிதான் நடக்கிறது.

2023-ஆம் வருஷம் என் தமக்கையின் மகன் ஒரு சிறு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தான். சேர்ந்த மூன்றாம் நாளே அவன் பெயர் கெட்டுவிட்டது. புதிய கம்ப்யூட்டர் ஒன்றைக் கொடுத்து, கம்பெனியின் கண்டெய்னரை அதில் கட்டி எழுப்பச் சொன்னார்களாம். எழும்பவில்லை. “எங்களுக்கெல்லாம் ஓடுகிறதே, உனக்கு மட்டும் என்ன?” என்று மேலதிகாரி கேட்டுவிட்டார். அந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தான். வயிற்றுப்பாட்டுக்காக நானும் சில காலம் நிரல் எழுதியவன் என்பது அவனுக்குத் தெரியும்.

கண்டெய்னர் என்பது பெரிய மாயம் ஒன்றும் அல்ல. ஒரு நிரல் ஓடுவதற்கு வேண்டிய சாமான்கள் அத்தனையையும் ஒரே பெட்டியில் அடுக்கிக் கட்டுவதுதான். எந்த யந்திரத்தில் இறக்கினாலும் ஒரே மாதிரி ஓட வேண்டும் என்பது ஏற்பாடு. 2013-இல் டாக்கர் வந்த பிறகு இது எங்கும் பரவிவிட்டது. எதை எந்த வரிசையில் அடுக்குவது என்பதற்குச் சமையல் குறிப்பு மாதிரி ஒரு குறிப்பு உண்டு. டாக்கர் அதை வரிவரியாகப் படித்து வேலை செய்யும்.

இவர்களுடைய பெட்டியில் பி.எச்.பி. 7.4 இருந்தது. கூடவே எக்ஸ்டீபக் வேண்டும் என்று குறிப்பு சொன்னது. டெரிக் ரெதான்ஸ் என்பவர் 2002-இல் முதலில் வெளியிட்ட துணைக் கருவி அது. ஓடுகிற நிரலை நடுவழியில் நிறுத்தி, உள்ளே என்ன நடக்கிறது என்று எட்டிப் பார்க்க உதவும். பிழை பிடிக்கிற உத்தியோகஸ்தன் என்று வைத்துக்கொள்ளுங்களேன். அந்த உத்தியோகஸ்தனையே காணோம் என்றுதான் வேலை நின்றிருந்தது. ‘எக்ஸ்டீபக் இல்லை’ என்று முடிந்திருந்தது திரையில் வந்த செய்தி.

“நிறுவச் சொல்லும் ஆணை அதே வரியில் முன்னாலேயே இருக்கிறதே, மாமா! அப்புறம் எப்படி இல்லாமல் போகும்?” என்றான்.

“கடைசி வரியையே பார்த்துக்கொண்டிருக்காதே. மேலே போய்ப் படி” என்றேன்.

மேலே விஷயம் ஒளிவுமறைவில்லாமல் இருந்தது. வந்திறங்கிய எக்ஸ்டீபக்குக்கு பி.எச்.பி. 8.0-ஆவது வேண்டும், இங்கே இருப்பது 7.4, ஆகவே நிறுவ முடியவில்லை. எந்தப் பதிப்பு என்று குறிப்பில் எழுதாததால் புத்தம் புதியது வந்திருக்கிறது. 2022-இன் இறுதியில் வந்த 3.2 பதிப்பிலிருந்தே எக்ஸ்டீபக் 7.4-ஐக் கைவிட்டுவிட்டது.

அப்படியானால் வேலை அங்கேயே நின்றிருக்க வேண்டாமா? அங்கேதான் ஓர் அரைப்புள்ளி உட்கார்ந்திருந்தது. ‘நிறுவு, இயக்கிவை’ என்று யாரோ எப்போதோ எழுதியிருக்கிறார்கள். அரைப்புள்ளி போட்டால், முதல் வேலை தோற்றாலும் இரண்டாவது வேலை நடக்கும். இரண்டு ‘அண்ட்’ குறிகளைப் போட்டிருந்தால், முதலாவது ஜயித்தால்தான் இரண்டாவது. நிறுவாத ஒன்றை இயக்கப் போய், பாவம், இரண்டாவது ஆணை பழியை ஏற்றுக்கொண்டது.

மற்றவர்களுக்கு மட்டும் ஓடியது எப்படி? டாக்கர் ஒருமுறை கட்டிய அடுக்கைச் சேமித்து வைத்திருக்கும். குறிப்பில் மாறுதல் இல்லையென்றால் பழைய அடுக்கையே எடுத்துக் கொடுத்துவிடும். அவர்கள் சாப்பிட்டுக்கொண்டிருந்தது பழைய சோறு. புது அடுப்பு மூட்டியவன் இவன் ஒருவன்தான்.

திங்கட்கிழமை, “சேமிப்பை ஒதுக்கிவிட்டு உங்கள் யந்திரத்திலும் ஒருமுறை கட்டிப் பாருங்கள், சார்” என்று மேலதிகாரியிடம் பணிவாகச் சொல்லியிருக்கிறான். அங்கேயும் அதே இடத்தில் நின்றதாம். பிறகு பதிப்பை 3.1.6 என்று குறித்து, அரைப்புள்ளியையும் மாற்றினான், கண்டெய்னர் எழுந்துவிட்டது. 7.4-க்கே 2022 நவம்பரோடு ஆதரவு முடிந்துவிட்டதால் இது தற்காலிக வைத்தியம்தான் என்பதையும் எழுதிக் கொடுத்தானாம். மேலதிகாரி, “சரி, சரி, மேலே வேலையைப் பார்” என்றாராம். மன்னிப்பு என்ற வார்த்தை அகராதியில் இருந்தாலும் ஆபீஸில் அதிகம் புழங்குவதில்லை.

கடைசி வரியில் கேட்பது அழுகிறவன் குரல். அடித்தவனைத் தேட வேண்டுமானால் கொஞ்சம் மேலே படிக்க வேண்டும். அந்தப் பொறுமை இல்லாததால், எத்தனை ஆபீஸ்களில் எத்தனை புதுப் பையன்கள் மூன்றாம் நாளே கெட்ட பெயர் வாங்குகிறார்களோ!