அமுக்கினால் தெரியும்

பம்ப் என்று சொன்னதும் உங்களுக்கு என்ன ஞாபகம் வருது? மெக்கானிக்கல் பசங்களா இருந்தா ஃப்ளூயிட் மெஷினரி லேப் வரும். சென்ட்ரிஃப்யூகல் பம்ப், பிரஷர் கேஜ், ஸ்டாப் வாட்ச், கடைசி நிமிஷத்துல வரைஞ்ச எஃபிஷியன்சி கர்வ். மற்ற டிபார்ட்மென்ட் என்றால் ஹாஸ்டல் மாடித் தொட்டிக்குத் தண்ணி ஏத்துற மோட்டார். எல்லாமே இரும்பு. சத்தம் போடும், சூடாகும், தண்ணி இல்லாம ஓடவிட்டா கெட்டுப்போகும்.

எனக்கு முதல்ல ஞாபகம் வர்றது உள்ளங்கையில் அடங்குற ஒரு ரப்பர் உருண்டை.

எங்க ஊர் கோட்டுச்சேரிமேடு, காரைக்கால் கடற்கரையில் இருக்கிற மீனவ கிராமம். ஃபைபர் போட்டுல மாட்டுற அவுட்போர்டு என்ஜினை நீங்க பார்த்திருக்கலாம். எண்ணெய் டேங்கிலிருந்து என்ஜினுக்குப் போற குழாயின் நடுவுல அந்த உருண்டை இருக்கும். ரெண்டு முனையிலும் ஒரு வழியா மட்டும் விடுற சின்ன வால்வு. என்ஜினை ஸ்டார்ட் பண்றதுக்கு முன்னாடி கையால அமுக்கி அமுக்கி விடணும். அமுக்கினா எண்ணெய் என்ஜின் பக்கம் போகும், விட்டா டேங்கிலிருந்து இழுக்கும். அவ்வளவுதான் மெக்கானிசம்.

ஆனா விஷயம் அதோட முடியலை. கார்புரேட்டர் நிறைஞ்சதும் உருண்டை கல்லு மாதிரி இறுகிடும். எவ்வளவு அமுக்கியும் இறுகலையா? டேங்க் காலியா இருக்கும், இல்ல குழாய் எங்கேயோ காத்து இழுக்குது. என்ஜின் ஓடும்போது உருண்டை சப்பிப் போச்சா? டேங்க் மூடியில காத்துப்போற திருகைத் திறக்க மறந்திருப்பாங்க. எங்க சித்தப்பா இருட்டுல, ஆட்டத்துல, கண்ணால பார்க்காமலே விரலை வச்சுச் சொல்லிடுவார். கேஜ் கிடையாது, சென்சார் கிடையாது. எண்ணெயைத் தள்ளுற பொருளே எண்ணெயோட நிலைமையையும் சொல்லுது.

இப்போ ரிசர்ச் பேப்பர்களில் சாஃப்ட் ரோபாட்டிக்ஸ் என்று படிக்கிறோமே, அதுல ஒரு பெரிய கனவு இதுதான். மிருதுவான ஒரே உடம்பு, திரவத்தை உணரணும், நகர்த்தவும் வேணும்.

இது எனக்கு வெறும் பாடமா இல்லாம போனதுக்குக் காரணம் சித்தப்பாதான். போன வருஷம் மூச்சு வாங்குதுன்னு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனோம். எக்கோ ரிப்போர்ட்ல இ.எஃப். 30 சதவீதம்னு போட்டிருந்தாங்க. அதாவது இதயத்தோட இடது கீழறையில் நிறையுற ரத்தத்தில், ஒரு துடிப்புக்கு 30 சதவீதம்தான் வெளியே போகுது. நல்ல இதயத்துல 55 சதவீதத்துக்கு மேல போகணும். மாத்திரை, உப்பு குறைப்பு, கடலுக்குப் போகக் கூடாது. வலை பொத்திக்கிட்டே ஒருநாள் கேட்டார்: "ஏன் தம்பி, நீ படிக்கிற படிப்புல இதுக்கு ஒண்ணும் இல்லியா?"

அதுக்கப்புறம்தான் தேட ஆரம்பிச்சேன்.

இதயம் நிமிஷத்துக்கு ஏறக்குறைய 5 லிட்டர் ரத்தத்தைத் தள்ளுது. ஒரு நாளைக்குச் சுமார் 1 லட்சம் துடிப்பு. அதைவிட ஆச்சரியம், ரத்தம் கூடுதலா வந்து தசை அதிகமா விரிஞ்சா, அடுத்த துடிப்பு தானாகவே பலமா அமுக்கும். இதுக்கு ஃபிராங்க்-ஸ்டார்லிங் விதின்னு பேர். மூளைகிட்ட கேட்கிறதில்லை. தசைக்கே தெரியும், நம்ம ரப்பர் உருண்டை மாதிரி. ஒரு அளவுக்கு மேல பலவீனமாகி விரிஞ்சுபோன இதயத்துல அந்தப் பதில் குறைஞ்சிடுது. சித்தப்பாவுக்கு நடந்தது அதுதான்.

இதுக்கு ஏற்கெனவே இயந்திர பம்புகள் இருக்கு. ஆனா ரத்தம் தண்ணி இல்லை. வேகமா சுத்துற பாகம் சிவப்பணுக்களை உடைக்கலாம். அந்நியப் பரப்புல ரத்தம் பட்டா உறையப் பார்க்கும், அதனால உறையாம இருக்க மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கணும். விலையும் பல லட்சங்கள்.

மிருதுவான பம்ப் இங்கேதான் உள்ளே வருது. 1950கள்ல அமெரிக்க இயற்பியலாளர் ஜோசப் மெக்கிப்பன் போலியோவால் பாதிக்கப்பட்ட தன் மகளுக்காக ஒரு காற்றுத் தசையை உருவாக்கினார். உள்ளே ரப்பர் குழாய், வெளியே பின்னல் உறை. காத்து அடிச்சா குழாய் பருக்கும். பின்னல் நீளவிடாததால நீளம் சுருங்கும். நம்ம கைத்தசை மாதிரியே. 2017ல் ஹார்வர்டு, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனைக் குழு ஒன்று இதே வகைத் தசைகளை சிலிகானில் பதிச்சு, இதயத்துக்கு ஒரு சட்டை மாதிரி செஞ்சாங்க. முதல் ஆசிரியர் எலன் ரோச். இதயத் தசை நார்கள் ஓடுற மாதிரியே சில தசைகள் வட்டமா, சில தசைகள் சாய்வா. சட்டை வெளியே இருந்து அமுக்கி முறுக்குது. ரத்தத்தைத் தொடவே இல்லை. பன்றிகள்ல சோதிச்சப்போ, பலவீனமாக்கப்பட்ட இதயம் பழைய அளவுக்குப் பக்கத்துல ரத்தத்தைத் தள்ளுச்சு.

இன்னொண்ணு எங்க ஊர்க்காரங்களுக்குச் சொன்னா சிரிப்பாங்க. வலையில் வந்து அரிப்புக் கொடுக்கிற சொறியை, அதாங்க ஜெல்லி மீனை, நாங்க திட்டி எறிவோம். ஹார்வர்டின் கெவின் கிட் பார்க்கர் அதை ஒரு மீன் காட்சியகத்துல பார்த்துட்டு, இது இதயம் மாதிரியே பம்ப் பண்ணுதேன்னு யோசிச்சார். 2012ல் அவரும் கால்டெக் குழுவும் சிலிகான் படலத்துல எலியின் இதயச் செல்களை வளர்த்து, நீந்துற ஒரு செயற்கைச் சொறியைக் காட்டினாங்க.

சரி, உணர்றது எப்படி? நம்ம முதல் வருஷ ஃபார்முலாவே போதும்: மின்தடை நீளத்துக்கு நேர் விகிதம், குறுக்குப் பரப்புக்கு எதிர் விகிதம். ரப்பருக்குள்ள மெல்லிய கால்வாய் விட்டு, அறை வெப்பத்துல திரவமா இருக்கிற காலியம்-இண்டியம் கலவையை நிரப்பணும். ரப்பரை இரண்டு மடங்கு இழுத்தா நீளம் இரண்டு மடங்கு, கன அளவு மாறாததால பரப்பு பாதி, ஆக மின்தடை நாலு மடங்கு. மல்டிமீட்டர் வச்சே பார்க்கலாம். சித்தப்பாவோட விரல் செஞ்ச வேலையை இப்போ ரப்பரே செய்யுது.

இதையெல்லாம் அவர்கிட்ட சொன்னேன். "எப்போ வரும்?" என்றார். சீக்கிரம்னு சொல்ல எனக்கு வாய் வரலை. ஒரு நாளைக்கு 1 லட்சம் துடிப்புன்னா வருஷத்துக்கு மூன்றரை கோடிக்கு மேல. அத்தனை தடவை விரிஞ்சு சுருங்கியும் கிழியாத சிலிகான் வேணும். காத்து அடிக்கிற கம்ப்ரஸரும் பேட்டரியும் இப்போதைக்கு உடம்புக்கு வெளியே கிடக்குது. குழாய் தோலைத் துளைச்சு வர்ற இடத்துல இன்ஃபெக்ஷன் பயம். இது எதுவுமே மருத்துவர் மட்டும் தீர்க்கிற பிரச்சினை இல்லை. ஃபடிக், மெட்டீரியல், பவர், சீலிங், எல்லாம் நம்ம சிலபஸ்தான்.

வெளிநாட்டுல செய்வாங்க, நமக்கென்னன்னு நினைக்காதீங்க. திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா நிறுவனத்துல டாக்டர் எம்.எஸ். வலியத்தான் தலைமையில டாக்டர்களும் இன்ஜினியர்களும் சேர்ந்து உட்கார்ந்து இதய வால்வு ஒண்ணு செஞ்சாங்க. இறக்குமதி வால்வு நம்ம ஆட்களுக்குக் கட்டுபடி ஆகலைங்கிறதுதான் ஆரம்பம். முதல் மாடல்கள் தோத்துச்சு. உள்ளே திறந்து மூடுற தட்டை பிளாஸ்டிக்ல செஞ்ச மாடல் நின்னுச்சு. 1990 டிசம்பர்ல முதல் நோயாளிக்குப் பொருத்தினாங்க. அதுக்கப்புறம் லட்சத்துக்கும் மேல பொருத்தியாச்சு. மெக்கிப்பனுக்கு மகள் மாதிரி, இவங்களுக்கும் கண்முன்னாடி ஆள் இருந்தாங்க.

அதனால ஜூனியர்ஸ், ஃபைனல் இயர் புராஜெக்ட்டுக்கு லைன் ஃபாலோயர் ரோபோவையே திரும்பச் செய்யறதுக்கு முன்னாடி ஒரு தடவை யோசிங்க. அச்சு வார்க்கிற சிலிகான் ரெண்டு டப்பா, லேப்ல 3டி பிரிண்டர்ல எடுத்த ஒரு அச்சு, ஒரு சிரிஞ்ச். உள்ளே அறைகள் விட்டு வார்த்து, ஒரு பக்கம் நீளாத துணியை ஒட்டுங்க. காத்து அடிச்சா விரல் மாதிரி மடங்கும். மூணு அறையை வரிசையா அமுக்கினா தண்ணி நகரும், நம்ம தொண்டையில சோறு இறங்குற மாதிரி. முதல் தடவை கண்டிப்பா ஓரத்துல கிழியும். எங்கே கிழிஞ்சது, எத்தனாவது அமுக்கலில் கிழிஞ்சதுன்னு எண்ணி எழுதி வைங்க. அந்த எண்தான் புராஜெக்ட்.

நான் செஞ்ச மூணாவது அச்சு 2,140 அமுக்கல் தாங்குச்சு. சித்தப்பாவோட இதயத்துக்கு அது அரை மணி நேர வேலை. நாலாவதை இந்த வாரம் வார்க்கிறேன்.