மாடி வீட்டு மின்கட்டணம்

வீட்டை வாடகைக்கு விட்டிருப்போர் பலருக்கும் நேரும் சங்கடம் ஒன்று எனக்கும் நேர்ந்தது. அதில் நான் நடந்துகொண்ட விதத்தை மறைக்காமல் எழுதுவதே நலம் என்று தோன்றுகிறது.

நான் ஓய்வு பெற்ற ஆசிரியை, திருச்சியில் வசிக்கிறேன். 2021-ஆம் ஆண்டு எங்கள் மாடி வீட்டில் ஓர் இளம் தம்பதியர் இரு பெண் குழந்தைகளோடு குடியேறினர். வாடகை ஆறாயிரம், முன்பணம் பதினெட்டாயிரம். மாடிக்குத் தனி மீட்டர் உண்டு; ஆனால் இணைப்பு என் பெயரில் இருந்தது. இரண்டு மாதங்களுக்கொரு முறை கட்டணத்தை அவர்களே செலுத்துவது என்பது பேச்சு.

வாடகை ஒருநாளும் தவறியதில்லை. மின்கட்டணம்தான் தவறியது. 2022 சனவரியில் 1,420 ரூபாய், மார்ச்சில் 1,610 ரூபாய். இணைப்பைத் துண்டித்துவிடுவார்களே என்று அஞ்சி, இருமுறையும் கடைசி நாளில் நானே செலுத்தினேன். அவர்களிடம் ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. அதைப் பெருந்தன்மை என்று எண்ணிக்கொண்டேன். உண்மையில், உள்ளத்தில் கசப்பைச் சேர்த்துவைத்துக்கொண்டிருந்தேன்.

மே மாதக் கட்டணமும் நிலுவையில் நின்றபோது பொறுமை இழந்தேன். மாடிக்குச் செல்லும் தண்ணீர்க் குழாயின் வால்வை மூடிவிட்டேன். தானே இறங்கி வந்து கேட்கட்டும் என்பது என் எண்ணம்.

இறங்கி வந்தவள் மூத்த சிறுமி. இடுப்பில் குடம்.

"டீச்சர் பாட்டி, தண்ணீர் வரவில்லை. மோட்டார் பழுதா?"

"ஆமாம், பழுதுதான்" என்றேன்.

என் சமையலறைக் குழாயில் குடத்தை நிரப்பிக்கொண்டு, படிகளில் நின்று நின்று ஏறினாள். நாற்பது ஆண்டுகள் பிள்ளைகளுக்கு உண்மை பேசக் கற்பித்த நான், ஒரு பிள்ளையிடமே பொய் சொல்லியிருந்தேன். அன்றிரவே வால்வைத் திறந்துவிட்டு மாடிக்குச் சென்றேன்.

"தொழிற்கூடத்தில் வேலை குறைந்துவிட்டது, அம்மா. வாடகையாவது தவறக் கூடாது என்று பார்த்தேன். நீங்கள் கட்டிவிட்டதும் தெரியும். நீங்கள் கேட்கவில்லை, எனக்கும் வாய் வரவில்லை" என்றார் அவர்.

இருவருடைய மௌனத்திலும் கடன் வளர்ந்திருந்தது. மே மாதக் கட்டணத்தை அவரே செலுத்துவது, பழைய 3,030 ரூபாயை மாதம் ஐந்நூறாகத் தருவது என்று முடிவு செய்து, ஒரு தாளில் எழுதி இருவரும் கையொப்பமிட்டோம்.

வழக்கறிஞரான உறவினர் ஒருவர் பின்னர் என்னைக் கடிந்துகொண்டார். வீட்டு உரிமையாளர், வாடகைதாரர் உரிமைகளையும் பொறுப்புகளையும் ஒழுங்குபடுத்தும் 2017-ஆம் ஆண்டின் தமிழ்நாட்டுச் சட்டம், 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்தது. தண்ணீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளை உரிமையாளர் நிறுத்துவதை அது தடை செய்கிறது. குடியிருப்பவர் காலி செய்யும்போது நிலுவையை முன்பணத்தில் கழித்துக்கொண்டு, மீதியை ஒரு மாதத்துக்குள் திருப்பித் தர வேண்டும் என்பதே அது காட்டும் வழி.

வீட்டை வாடகைக்கு விட்டிருக்கும் சகோதர சகோதரிகளுக்குச் சொல்வேன்: யார் எந்தக் கட்டணத்தைச் செலுத்துவது என்பதை ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். குடிவரும் நாளிலும் காலி செய்யும் நாளிலும் இருவருமாக நின்று மீட்டர் அளவைக் குறித்துக்கொள்ளுங்கள். முதல் முறை தவறும்போதே கனிவோடு கேட்டுவிடுங்கள். கேட்பது கடுமையன்று, கேளாமல் மனத்துக்குள் தண்டிப்பதே கடுமை.

ஆகஸ்டு இறுதியில் அவருக்கு ஓசூரில் வேலை கிடைத்தது. அதற்குள் 1,500 ரூபாய் தந்திருந்தார். மீதி 1,530 ரூபாயும், இறுதி அளவின்படி 485 ரூபாயும் கழித்து, 15,985 ரூபாயை அவர் கையில் எண்ணிக் கொடுத்தேன்.

விடைபெற வந்த மூத்த சிறுமியைத் தனியே அழைத்து, "அன்று மோட்டார் பழுதாகவில்லையம்மா, பாட்டிதான் வால்வை மூடிவிட்டேன்" என்றேன்.

"தெரியும், பாட்டி. மோட்டார் ஓடுகிற சத்தம் கேட்டதே" என்றாள்.