இரவில் தோஜி

பகலில் பார்க்கும் செர்ரிப்பூ வேறு, இரவில் பார்ப்பது வேறு. இந்த வசந்தத்தில் கியோத்தோவின் தோஜி கோயிலில் அதைக் கண்ணாரக் கண்டேன்.

உள்ளே போனதும் ஒரு பெரிய மரம். கிளைகளெல்லாம் தரையை நோக்கித் தொங்க, அவிழ்த்துவிட்ட கூந்தல்போல இளஞ்சிவப்புப் பூக்கள். நூறு வயதைத் தாண்டிய மரம். 2006இல் வேறிடத்திலிருந்து கொண்டுவந்து இங்கே நட்டிருக்கிறார்கள். அந்த வயதில் புது மண்ணில் வேர்பிடித்து இப்படிப் பூக்கிறதே என்று நெஞ்சு நிறைந்துபோனது. பின்னால் ஐந்தடுக்குக் கோபுரம், ஏறத்தாழ 55 மீட்டர். ஜப்பானின் மரக்கோபுரங்களில் இதுவே உயரமானது. நான்கு முறை எரிந்துபோய், இப்போது நிற்பது 1644இல் கட்டியது. விளக்கொளியில் பூவும் கோபுரமும் குளத்து நீரில் தலைகீழாகத் தெரிகின்றன. கூட்டம் அங்கேதான் மொய்க்கிறது.

என் மனம் தங்கியது கோயிலின் உரை மண்டபத்தில். துறவி கூகாய் வகுத்த முறையில் 21 சிலைகள், பெரும்பாலும் ஒன்பதாம் நூற்றாண்டைச் சேர்ந்தவை. நடுவில் புத்தர்கள். ஒரு கோடியில் யானைமேல் இந்திரன். மறுகோடியில், அன்னங்கள் தாங்கும் பீடத்தில் நான்முகன்! நம் ஊரிலேயே பிரம்மாவைத் தேடித்தான் போகவேண்டும். அவர் சீனம் வழியாகக் கடல்கடந்து வந்து, ஏறத்தாழ 1,200 ஆண்டுகளாக இங்கே வீற்றிருக்கிறார். கைகூப்பாமல் இருக்க முடியவில்லை.

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கத்தில் போகிறவர்கள் மரத்தடியில் படம் எடுத்ததோடு திரும்பிவிடாதீர்கள். மண்டபத்துக்குள் படமெடுக்க அனுமதியில்லை. கைபேசியைப் பையில் வைத்துவிட்டு, அந்த நான்முகன் எதிரே கொஞ்ச நேரம் நில்லுங்கள்.