சின்ன ரெயில் வந்த ஊர்

கிளிநொச்சியில் மாதர் சங்கக் கூட்டம் முடிந்து படிவம் நிரப்பிக்கொண்டிருந்தேன். எழுபது வயதைத் தாண்டிய ஓர் அம்மாவிடம் பிறந்த இடம் எது என்று கேட்டேன். "ஓப்பநாயக்க" என்றார். பேனா நின்றுவிட்டது. நானும் அந்த ஊர்த் தோட்டத்துப் பிள்ளைதான். சொன்னதும் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"சின்ன ரெயில் பாத்திருக்கியா புள்ள?"

நான் எங்கே பார்ப்பது! கொழும்பிலிருந்து அவிசாவளை, இரத்தினபுரி வழியாக எங்கள் ஊர்வரை வந்த அந்த ரெயில் 1976இலேயே நின்றுவிட்டது. அம்மாச்சி வீட்டில் மணிக்கூடு இல்லாத காலத்தில் அதன் கூவல்தான் நேரம். விடியமுன் அம்மா பால்வெட்டப் போய்விடுவார். தம்பியைப் பிள்ளைக்காம்பராவில் விட்டுவிட்டு, ரெயில் கூவுவதற்குள் தோட்டப் பள்ளிக்கூடத்துக்கு ஓட வேண்டும். ஓட்டுப்பாலைச் சுற்றிப் பந்து செய்து விளையாடியிருக்கிறார்கள். காமன் கூத்தில் அப்பாதான் ரதி. "எங்கம்மாவ விட அப்பாதான் அழகு" என்று லயம் முழுக்கச் சொல்லித் திரிந்து அடி வாங்கியதைச் சொல்லிவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தார்.

அக்காவின் பேச்சு வந்ததும் சிரிப்பு நின்றது.

1964இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தத்தைச் சமூகவியல் பரீட்சைக்கு நான் பாடமாக்கியிருக்கிறேன். இந்தியாவுக்கு 5,25,000 பேர், இலங்கைக்கு 3,00,000 பேர். மிச்சம் 1,50,000 பேரை 1974இல் ஆளுக்குப் பாதியாகப் பிரித்தார்கள். நல்ல புள்ளியும் கிடைத்தது. ஒரே காம்பராவில் அப்பா இலங்கைக்கும் அத்தான் இந்தியாவுக்கும் மனுப் போட்டால் அந்த வீட்டில் என்ன நடக்கும் என்று அன்று யோசிக்கவில்லை. அக்கா தலைமன்னாரில் கப்பல் ஏறினார். "தாயகம் திரும்பியோர்" என்று எழுதினார்கள். அக்கா பிறந்ததே ஓப்பநாயக்கவில்தான்; எங்கே திரும்புவது?

கோத்தகிரியிலிருந்து காயிதம் வந்துகொண்டிருந்தது. அங்கேயும் கொழுந்துக் கூடைதான். 1974 பஞ்சத்தில் அம்மா செத்ததற்குக்கூட அக்கா வர முடியவில்லை. 1977 ஓகஸ்ட் கலவரத்தில் லயத்துக்கு நெருப்பு வைத்தார்கள். அக்காவின் விலாசம் இருந்த தகரப்பெட்டியும் எரிந்தது. எத்தனையோ குடும்பங்களைப்போல இவர்களும் உடுத்த துணியோடு வன்னிக்கு வந்து காடு வெட்டிக் குடியேறினார்கள்.

"நான் இங்க வந்தது அக்காவுக்குத் தெரியாது. லயத்துக்குத்தானே காயிதம் போட்டிருக்கும்?"

படிவத்தில் இடம்பெயர்ந்த ஆண்டுக்கு ஒரேயொரு கட்டம். 2009 என்று எழுதப் போனேன். மகனை அந்த வருடம் இழந்ததை ஒரு வரியில் சொல்லி நிறுத்தியவர், இதற்கு விடவில்லை. "மொதல்ல 77ஐ எழுது" என்றார். கட்டத்துக்குள் இடமில்லை, தாளின் பின்பக்கத்தில் எழுதினேன்.

வாசிக்கும் சகோதரிகளே, மலையகத்திலிருந்து வந்து வன்னியில் வேர்விட்டவர்கள் உங்களிலும் பலர். கோத்தகிரி, கூடலூர்ப் பக்கம் உங்களுக்குச் சொந்தக்காரர்கள் இருந்தால் கொஞ்சம் விசாரியுங்கள். அம்மாச்சியின் அக்காவுக்கு இப்போது எண்பது வயதுக்கு மேல் இருக்கும்.

புறப்படும்போது வாசல்வரை வந்தார். "ஊருக்குப் போனா தோட்டத்து ஒப்பீஸ்ல கேட்டுப் பாரு புள்ள, பழைய காயிதம் ஏதும் கெடக்கான்னு." லயத்து நம்பரையும் சொன்னார். குறித்துக்கொண்டேன். சித்திரை லீவுக்கு ஊருக்குப் போகிறேன்.