ஒரு சோறு பதம்

சென்ற ஆண்டு எம் பெரியம்மா இரைப்பைப் புற்றுநோயால் மறைந்தனர். மருத்துவர் உள்நோக்குக் குழாய் செலுத்திக் கிள்ளியெடுத்த துணுக்கில் ஹெர்-2 என்னும் புரதம் மிகுந்திருந்தது. ஆதலின் அதனையே குறிவைத்துத் தாக்கும் டிராஸ்டுசுமாப் என்னும் மருந்தைக் கீமோதெரபியோடு கூட்டி ஏற்றினர். அம்மருந்து வீணன்று, 2010இல் வெளியான பெருஞ்சோதனையில் அது நோயாளரின் இடைநிலை ஆயுளை 11.1 திங்களினின்று 13.8 திங்களாக உயர்த்தியது. எனினும் பெரியம்மாவின் கட்டி அதற்குப் பணியவில்லை.

"பலிக்குமா என்று அந்தத் துணுக்கின்மேலேயே ஊற்றிப் பார்த்திருக்கக் கூடாதா?" என வினவினார் எம் அன்னையார். ஒரு வடையை எண்ணெயிலிட்டுப் பதம் பார்த்த பின்னரே மற்றவற்றைத் தட்டுபவர் அவர். அவ்வினா அவர்க்கு இயல்பே. தமிழ் ஆனர்ஸ் பயிலும் எம்மிடம் விடையில்லை. விலங்கியல் வகுப்பு நண்பரொருவரைத் துணைக்கொண்டு தேடலுற்றோம்.

ஊற்றிப் பார்ப்போர் உளர். நெடுங்காலம் அவர்கள் நம்பியது, தட்டில் ஒற்றைப் படலமாய்ப் படர்ந்து வளரும் உயிரணுக்களை. ஆண்டுக்கணக்கில் தட்டிலேயே பெருகியவை பிறந்த கட்டியின் குணத்தைப் பெரிதும் இழந்துவிடும். நோயெதிர்ப்பாற்றல் இல்லாச் சுண்டெலியில் துணுக்கைப் பதித்து வளர்ப்பது பிறிதொரு முறை. அதற்குத் திங்கள் பல வேண்டும். நோயாளிக்கு அத்தனை திங்கள் ஏது?

2009இல் நெதர்லாந்தின் ஊட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் கிளெவர்ஸின் ஆய்வகத்தார் சுண்டெலிக் குடலின் ஒரே தண்டு உயிரணுவினின்று குடற்சுவரை ஒத்த நுண்ணுருவை வளர்த்தனர். மறு ஆண்டே இரைப்பைக்கும் அது கைகூடிற்று. ஆர்கனாய்டு என்பது அதன் பெயர். அது வளரும் கூழோ சுண்டெலிக் கட்டியொன்றினின்று வடித்தது! 2018இல் ஹாங்காங் ஆய்வாளர் 34 நோயாளரிடமிருந்து 63 இரைப்பை ஆர்கனாய்டுகளை வளர்த்துச் சேமித்தனர். அதே ஆண்டில் லண்டன் ஆய்வாளர், குடலிலும் இரைப்பையிலும் தோன்றிப் பரவிய புற்றுநோய்களில், தட்டையும் நோயாளியையும் ஒப்பிட்டனர். தட்டில் பலியாத மருந்து நோயாளியிடத்தும் பலிக்கவில்லை; தட்டில் பலித்தது நூற்றுக்கு 88 பங்கு நோயாளியிடத்தும் பலித்தது. ஒப்பிட்டவை சிலவே, ஆயினும் அன்னையாரின் வினா பேதைமையன்று என்பது தெளிவாயிற்று.

முகத்தைத் திங்களென்னும் புலவன் களங்கத்தை விட்டுவிடலாம், மருத்துவன் விடலாகாது. ஆர்கனாய்டில் குருதிக்குழாய் இல்லை. நோயை எதிர்க்கும் வெள்ளணுக்களும் இல்லை. இரைப்பைப் புற்றில் இன்னுமொரு சிக்கல் உண்டு. ஒரே கட்டியில் ஒருபுறம் ஹெர்-2 மிகுந்தும், மறுபுறம் அறவே இன்றியும் இருக்கும். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்கிறோம். இந்தப் பானையிலோ ஒரு பருக்கை வெந்தும் அடுத்தது வேகாமலும் கிடக்கின்றது. கிள்ளிய துணுக்கு எப்புறத்ததோ, அதனின்று வளர்த்த ஆர்கனாய்டும் அப்புறத்ததே.

ஞாயிறு ஆராதனை முடிந்து வீடு திரும்பியதும் இவற்றை அன்னையாரிடம் கூறினோம். சற்று நேரம் பேசாதிருந்தார்.

"அப்படியானால் நாலைந்து இடத்தில் கிள்ள வேண்டுமே?"

ஆம், அவ்வாறு பல துணுக்குகள் எடுப்பதே முறை என்றோம்.

"அக்காவுக்கு எத்தனை எடுத்தார்கள்?"

யாம் அறியோம். அவர் எழுந்து சென்று, பெரியம்மாவின் மருத்துவச் சீட்டுகள் அடங்கிய தகரப்பெட்டியைத் திறந்தார்.